மாத்திரை வீட்டில், ஆள் கடலில்: குமரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எப்படி இருக்கிறது?

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். படுக்கையில் கிடக்கும் பெரியவர் உள்ள வீட்டுக்கு இந்தச் சேவை ஐந்துக்கு நாலரை. அறுபது தாண்டி வீட்டோடு இருக்கும் அம்மாவுக்கு நான்கு. நாற்பத்தைந்து வயதில் தூத்தூர்ப் பக்கமிருந்து தங்கு கடலுக்கு, அதாவது வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற அண்ணனுக்கோ, விடிவதற்கு முன்னே குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவருக்கோ இரண்டரைக்கு மேல் போட மனம் வரவில்லை. ஒரே சேவை, ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையை வாசலில் கொண்டு தருகிறார்கள். நோய்த் தணிப்பு நர்ஸும் (தீராத நோயின் வலியையும் அவதியையும் குறைப்பவர்) இயன்முறை சிகிச்சையாளரும் தேவைப்படும் வீட்டுக்கு வருகிறார்கள். எதற்கும் காசில்லை. 2024-ல் தொற்றா நோய்களுக்கான ஐ.நா. பணிக்குழுவின் விருதும் கிடைத்தது.

அந்த விருதுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் சேவையை எதைக் கொண்டு அளப்பது என்பதற்கு அதுதான் அளவுகோல். 2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் மூன்றாவது, எல்லா வயதினருக்கும் நலவாழ்வு. அதன் உட்பிரிவு 3.4 சொல்வது: தொற்றா நோய்களால் வரும் அகால மரணத்தை 2030-க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். அகால மரணம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வரையறை கறாரானது. முப்பது வயது ஆன ஒருவர், எழுபதைத் தொடுவதற்கு முன் இதய-ரத்தநாள நோய், புற்றுநோய், சர்க்கரை நோய், நாள்பட்ட மூச்சு நோய் ஆகிய நான்கில் ஒன்றால் இறந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு? அதுதான் எண்ணப்படுகிறது. எழுபத்தெட்டு வயதுப் பாட்டிக்கு மாத்திரை கொடுப்பது நல்ல காரியம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 3.4-இன் எண் அசைவது, பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இல்லாத ஆளைப் பிடித்தால்தான்.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சுகர் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. திட்டம் வந்த பிறகு எடுத்த இரண்டாம் சுற்றில் அவை 17, 16.7 என்று ஏறின. பிரஷரில் இரட்டிப்புக்கு மேல். சந்தோஷம்தான், ஆனாலும் ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே எண்தான். மாத்திரை வீடு வந்து சேர்வதற்கும் பிரஷர் 140/90-க்குக் கீழே இறங்குவதற்கும் நடுவில் பல ஓட்டைகள். அவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டு வராந்தாவிலேயே இருக்கின்றன.

வராந்தாவைப் பாருங்கள். தன்னார்வலர் வந்து முற்றத்திலிருந்து கூப்பிட்டதும், துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். கை மடியில் தொங்கும். பிரஷர் மெஷினின் பட்டை, சட்டைக் கைக்கு மேலேயோ, சுருட்டி ஏற்றிய ரவிக்கைக் கைக்குக் கீழேயோ. மெஷின் ஏறிக்கொண்டிருக்கும்போதே “மக்கா, மாத்திரை இந்த மாசம் வந்துதா?” என்று பேச்சு. வருகிற எண் 156/94. அதில் எவ்வளவு அக்காவின் பிரஷர், எவ்வளவு நாற்காலியின் பிரஷர் என்று யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் சாயா, காபி, பீடி, கடும் வேலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கால் மேல் கால் வேண்டாம். வெறும் கையில் பட்டை. அதன் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை, மேசையிலோ நாலு தலையணை அடுக்கியோ நெஞ்சுக்கு நேரான உயரத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் ஏழெட்டு புள்ளி கூடுதலாகக் காட்டும். இது வெறும் நீர்மட்டக் கணக்கு, மெஷின் பழுது இல்லை. பேசினாலும் ஏறும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை பார்த்து இரண்டையும் குறிக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். பட்டியலில் இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருக்கும் தன்னார்வலர் அந்தப் பத்து நிமிடத்தைத் தானாகத் தரமாட்டார், குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்காரர்தான் அவர் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததுமே நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

பட்டையின் அளவு பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இந்த மாவட்டத்தில் அது முக்கியம். சாதாரணமாக மெஷினோடு வரும் பட்டை, மேற்கை சுற்றளவு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை உள்ளவர்களுக்கானது. வலை இழுத்து வளர்ந்த கை 34, 35 இருக்கும். அதில் இந்தப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். எலும்பும் தோலுமாய் 20 சென்டிமீட்டர் கை உள்ள ஆச்சிக்கு அதே பட்டை இருக்கிற பிரஷரைக் குறைத்துக் காட்டும். தையல்காரர் அளவு நாடாவால் ஒரு தடவை கையை அளந்து, அந்த எண்ணை மருந்துக் குறிப்பேட்டின் அட்டையில் எழுதி வையுங்கள். 32-க்கு மேல் என்றால், மாத்திரை தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரிய பட்டை கேட்டு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சுகர் பரிசோதனையில் தவறு வேறு விதம். ஏத்தம்பழம் உரித்த கையோடு விரலைக் குத்தினால் 40, 50 கூடக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சை விட சோப்பும் தண்ணீரும் மேல். கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்கினால் திசு நீர் கலந்து எண் குறையும். கையைத் தொங்கவிட்டு உதறினால் தானாக வரும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்தே கிடப்பது பெரிய குற்றம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஸ்ட்ரிப் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் எண்ணை நம்ப முடியாது. ஊசி ஆளுக்கு ஒன்று, ஒரே தடவை. பக்கத்து வீட்டில் குத்தியதே உங்களுக்கும் வருகிறது என்றால் கையை நீட்டாதீர்கள். மஞ்சள் காமாலை பி அந்த வழியாகவும் வரும். எல்லாம் சரியாகச் செய்தாலும் குளுக்கோமீட்டருக்கு 15 சதவீதம் முன்பின் அனுமதி உண்டு: 200 என்று காட்டினால் 170-ஆகவோ 230-ஆகவோ இருக்கலாம். ஆகவே ஒரு எண்ணைப் பார்த்துச் சந்தோஷமும் வேண்டாம், பயமும் வேண்டாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி தான் கட்டுப்பாட்டுக்குச் சாட்சி. கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் அதுவும் பொய் சொல்லும்.

இனி மாத்திரை. இங்கே சேவையின் அடிப்படை வரம்பு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தன்னார்வலர் மாத்திரையைக் கொண்டுவருவார். அளவைக் கூட்டவோ மாற்றவோ அவருக்கு அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது. அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். வீட்டுக்கே மருந்து வர ஆரம்பித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பழக்கம் நின்றுபோகிறது. வசதியின் மறுபக்கம் இது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கியவர், குறிப்பேட்டில் 160, 158, 162 என்று வரிசையாக எழுதியிருக்க, அதே 5 மில்லிகிராமை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார். மருந்து ‘வழங்கப்பட்டது’, கணக்கு சரி. நோய் அப்படியே. தொடர்ந்து இரண்டு வருகையில், சரியாக உட்கார்ந்து அளந்தும் 140/90-க்கு மேல் என்றால் அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் குறிப்பேட்டோடு நீங்களே கிளம்புங்கள். சுகரும் சேர்ந்து இருந்தால் மருத்துவர் இன்னும் கீழே, 130/80 வரை இறக்கப் பார்ப்பார்.

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் நிறுத்துகிறார்கள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். அதைக் கிட்னி போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். இன்னொரு பிரஷர் மாத்திரையான எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். சுகருக்கான மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு கலங்கும். மூன்றுக்கும் மாற்று இருக்கிறது: அளவு குறைக்கலாம், லோசார்டானுக்கு மாற்றலாம், சாப்பாட்டோடு போடலாம். தன்னார்வலர் வரும்போது, போடாமல் மிஞ்சிய அட்டையை ஒளிக்காமல் எடுத்துக் காட்டினாலே பாதிச் சிக்கல் வெளியே வந்துவிடும்.

தங்கு கடல் கணக்கு தனி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் ஒரு தடவை போனால் மாதம் தாண்டியும் கடலில் கிடக்கும். முப்பது மாத்திரையோடு ஏறுகிறவர் நாற்பது நாள் கழித்துக் கரைக்கு வந்தால், கடைசிப் பத்து நாள் வெறும் கையோடுதான் இருந்திருப்பார். அந்தப் பத்து நாளில் ஏறும் பிரஷர், கரையேறி அளக்கும்போது “மாத்திரை வேலை செய்யவில்லை” என்று எழுதப்படுகிறது. படகு கிளம்பும் தேதி தெரிந்ததும் சுகாதார நிலையத்தில் சொல்லி, தங்கும் நாளோடு பத்து நாளுக்குச் சேர்த்து மாத்திரை கேட்க வேண்டும். மருத்துவச் சீட்டில் நாள் எண்ணிக்கையை எழுதி வாங்கினால் மறுக்கக் காரணம் இருக்காது. திருகுமூடி போட்ட டப்பாவில், அட்டையைப் பிரிக்காமல் வைக்கவும். உப்புக்காற்றுக்கு அலுமினிய அட்டைதான் காவல்.

இன்சுலின் போடுகிறவர் படகில் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது முழு மருந்தையும் கெடுத்துவிடும்: குப்பியைக் கொண்டுபோய் மீன் போடும் ஐஸ் குவியலுக்குள் செருகுவது. இன்சுலின் உறைந்தால் செத்தது. திரும்ப உருகி, பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஆகவே துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸில் நேரடியாகப் படாமல் வைக்க வேண்டும். திறந்த குப்பியை ஐஸ் இல்லாமலே, வெயிலும் என்ஜின் சூடும் படாத இடத்தில், 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

ரப்பர் பக்கம் போனால் சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டில் கிளம்பி, மரம் மரமாக வெட்டி, சிரட்டையில் பால் நிறையக் காத்திருந்து எடுத்து, உறைய வைத்து முடிக்கும்போது முற்பகல் ஆகிவிடும். நடுவில் ஒரு கட்டன்சாயா. “காலை சாப்பாட்டுக்கு முன்” என்று எழுதிய, சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை இவர் கிளம்பும்போதே போட்டுக்கொள்கிறார். சாப்பாடோ ஐந்தாறு மணி நேரம் கழித்து. மருந்து தன் வேலையைச் செய்யும்: வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். பக்கத்தில் ஆளில்லாத தோட்டத்தில், கையில் வெட்டுக் கத்தியோடு இது வருவது விளையாட்டில்லை. தீர்வு சின்னது. இந்த வகை மாத்திரையை உண்மையில் சாப்பிடும் நேரத்தோடு கட்ட வேண்டும், மணியோடு இல்லை. இதை மருத்துவரிடம் சொல்லி நேரத்தை மாற்றி எழுதி வாங்கவும். சட்டைப் பையில் எப்போதும் மூன்று ஸ்பூன் சர்க்கரைப் பொட்டலம். நடுக்கம் வந்தால் உடனே வாயில் போட்டுப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும், தெளியவில்லை என்றால் இன்னொரு மூன்று ஸ்பூன், அதன்பின் கஞ்சியோ கிழங்கோ. கருப்பட்டிக் கட்டி இருந்தால் அதுவும் ஆகும், நன்றாகக் கடித்து மென்றால்.

பரிசோதனைக்கும் இவர் வெறும் வயிற்றோடு கிடைக்கமாட்டார். தன்னார்வலர் வரும் நேரத்தில் தோட்டத்தில் இருப்பார், அல்லது பால் சுமந்து அப்போதுதான் வந்து வியர்வையோடு நிற்பார். 2024-ல் இதே திட்டத்தைத் தொழிற்சாலைகளுக்குள்ளும் கொண்டுபோனார்கள், நல்ல யோசனை. ஆனால் படகுக்கும் தோட்டத்துக்கும் வாசல் காவலாளியோ வருகைப் பதிவேடோ கிடையாது. ரப்பர் பால் விலைக்கு எடுக்கும் இடத்திலும் மீன் ஏலக் கூடத்திலும் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டால் பிடிபடும் ஆட்கள், வீடுகளில் பிடிபடமாட்டார்கள்.

இத்தனை குறை சொல்லிவிட்டு நாலரை மதிப்பெண் எதற்கு என்று கேட்டால், படுக்கை நோயாளிக்கு. பக்கவாதம் வந்து கிடப்பவருக்குத் தோள்மூட்டு இறுகிப்போவதற்கு முன் இயன்முறை சிகிச்சையாளர் வந்து, வீட்டில் உள்ளவருக்கே பயிற்சியைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவது பெரிய விஷயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, சிவந்த இடத்தைத் தேய்க்காமல் இருப்பது, சிறுநீர்க் குழாய்ப் பையை இடுப்பு மட்டத்துக்குக் கீழேயே தொங்கவிடுவது: இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டோடு யாரும் செய்து காட்டுவதில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு வண்டி பிடித்துப் போய்வருவதோடு ஒப்பிட்டால், நர்ஸின் ஒரு வருகை அந்த வீட்டில் இருவரின் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றுகிறது.

வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோருக்குத் திரவப் பை தருவதும் இதே திட்டம். இதில் இடத்தை முதலில் யோசியுங்கள். ஒரு நாளைக்கு நாலு மாற்றம், ஒவ்வொன்றும் 2 லிட்டர் பை என்றால் மாதத்துக்கு 120 பை, ஏறக்குறைய 240 கிலோ. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பு ஒன்றில் ஒற்றை அறை வீடு என்றால் வழியும் சிக்கல், வைக்கும் இடமும் சிக்கல். மாற்றும் நேரத்தில் ஃபேன் நிறுத்தி, கதவு சாத்தி, கை கழுவி, முகமூடி கட்டித்தான் தொட வேண்டும். வெளியே வரும் திரவம் தெளிவாக இல்லாமல் கஞ்சித் தண்ணீர் போல் கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் தொற்று. அந்தப் பையைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆலோசனைப் பகுதிதான் இந்தச் சேவையில் மிகவும் ஒல்லி. “உப்பைக் குறையுங்க” என்று சொல்லிவிட்டுப் போனால் கருவாடும் நாரத்தங்காய் ஊறுகாயும் பழங்கஞ்சியும் இருக்கும் அடுக்களையில் எதைக் குறைப்பது? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். அடுத்த உப்புப் பாக்கெட்டை உடைக்கும்போது அதன்மேல் தேதியைப் பேனாவால் எழுதுங்கள். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். மாதத்தில் தீர்ந்துபோனால், கருவாட்டுக் கணக்கைச் சேர்க்காமலே எல்லை தாண்டியாயிற்று. கருவாட்டை விட முடியாதவர்கள் இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டிவிட்டு, குழம்பில் தனி உப்பு போடாமல் வைக்கலாம். மரச்சீனிக் கிழங்கு சுகருக்கு ஆகாது என்று மிரட்டுவதைவிட, கிழங்கு சாப்பிடும் வேளையில் சோறு வேண்டாம், மீன் இன்னொரு துண்டு கூடட்டும் என்று சொன்னால் கேட்பார்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் இந்தச் சேவையை முழுதாகப் பயன்படுத்த வருடத்தில் ஒரு நல்ல காலம் உண்டு: மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் அடங்கிய மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; இரண்டும் 61 நாள். ஒரு பிரஷர் மாத்திரையின் அளவு பொருந்துகிறதா என்று பார்க்க நாலு வாரம் தேவை. தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே அளந்து, மருத்துவரிடம் போய், நாலு வாரம் கழித்து மறுபடி அளந்து அளவைத் திருத்தி, இன்னொரு நாலு வாரத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள அந்த 61 நாள் போதும். படகுக்கு வார்னீஷ் அடிக்கும் நாளிலேயே பட்டையையும் கையில் கட்டிவிட்டால், ஆகஸ்டில் ஏறும்போது சரியான மாத்திரையோடு ஏறலாம். தன்னார்வலரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மற்ற மாதங்களில் அவர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது அண்ணியும் பிள்ளைகளும்தான்.